துப்பாக்கி லைசென்ஸ் புளியரையோடு நிற்கட்டும்

தென்காசியில் எடுத்த டிரைவிங் லைசென்ஸை வெச்சு காஷ்மீர் வரைக்கும் வண்டி ஓட்டலாம். துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் ஏன் சார் புளியரை செக்போஸ்ட்டோட நின்னுடுது?

ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சிமார் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. டாக்டர்கிட்ட ஏன் கேக்குறாங்கன்னு யோசிக்கிறீங்களா? லைசென்ஸ் விண்ணப்பத்தோடு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வைக்கணும். அதுக்குத்தான் வருவாங்க.

என் பதில்: நிற்கட்டும். நிற்பதுதான் சரி. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

முதலில் சட்டம். ஆயுதச் சட்டம் 1959, நாடு முழுமைக்கும் ஒன்றுதான். விதிகளும் 2016-ல் மத்திய அரசு போட்டதுதான். ஆனால் லைசென்ஸில் "இது எந்தப் பகுதிக்குள் செல்லும்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தமிழ்நாடு என்று எழுதியிருந்தால் ஆரியங்காவில் அது செல்லாது. துப்பாக்கியோடு எல்லையைத் தாண்டினால் லைசென்ஸ் நிபந்தனையை மீறிய குற்றம். "தோட்டத்துக்குத்தான் போனேன்" என்பது அங்கே பதில் ஆகாது. ராணுவத்தினர், துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்றவர்களுக்கு நாடு முழுக்கச் செல்லும்படி வாங்க வழி இருக்கு. மற்றவர்களுக்கு அது லேசில் கிடைக்காது.

ஒரு இடைச்செருகல். இந்த எல்லை ஒண்ணும் ஆதி காலத்துக் கோடு இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். அதனால "மலைக்கு அந்தப் பக்கமும் நம்ம ஆளுங்கதானே" என்று அவர்கள் சொல்வது எனக்குப் புரியுது. சொந்தம் இருக்கு, தோட்டம் இருக்கு. ஆனா கேள்வி சொந்தத்தைப் பற்றியது இல்லை.

அமெரிக்காவில் இது பெரிய அரசியல். அங்கே ஆடைக்குள் மறைத்துத் துப்பாக்கி எடுத்துப் போக ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக பெர்மிட் கொடுக்கும். உன் பெர்மிட்டை நான் ஏத்துக்கிறேன், என்னுடையதை நீ ஏத்துக்கோ என்று மாநிலங்களுக்குள் உடன்பாடு. இல்லினாய் மாதிரி சில மாநிலங்கள் அடுத்தவர் பெர்மிட்டை ஏற்பதில்லை. எல்லோரும் ஏற்றே ஆகணும் என்ற மசோதா 2017 டிசம்பரில் கீழவையில் 231-198 என்று நிறைவேறியது. மேலவையைத் தாண்டவில்லை. இதற்கிடையில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெர்மிட்டே தேவையில்லை என்றாகிவிட்டது. அதாவது, எல்லோரும் ஏற்றாகணும் என்றால் யார் ரொம்பத் தளர்வாகச் சோதிக்கிறாரோ அவருடைய அளவுகோல்தான் மொத்த நாட்டுக்கும்.

"அது அமெரிக்கா டாக்டர், இங்கே ஒரே சட்டம்தானே?" சட்டம் ஒன்றுதான். சோதிக்கும் கை ஒன்றா?

ஜம்மு காஷ்மீரைப் பாருங்க. 2012-லிருந்து 2016 வரை அங்கே தகுதி இல்லாதவர்களுக்கெல்லாம் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று சிபிஐ விசாரித்த வழக்கு. எண்ணிக்கை 2.7 லட்சத்துக்கு மேல்! விஷயம் வெளியே வந்ததே ராஜஸ்தான் போலீஸ் துருவியதால்தான். நம்மூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில் 2021-ல் ஏடிஎம்-களுக்குப் பணம் கொண்டுபோகும் காவலர்கள் ஐந்து பேர் போலி லைசென்ஸ் துப்பாக்கிகளோடு கைதானார்கள். எங்கோ அடித்த ரப்பர் ஸ்டாம்பு நம்ம பக்கத்து ஊர் வரைக்கும் வந்துவிடுகிறது.

இப்போ என் மேஜைக்கு வருவோம். இவர் உடல்நலம், மனநலம் சரியாக இருக்கிறார், போதைக்கு அடிமையானவர் அல்ல என்று அந்தச் சர்ட்டிபிகேட்டில் டாக்டர் சொல்லணும். ஓபி-யில் வரிசை வாசல் வரை நிற்கும். ஒருத்தருக்குச் சில நிமிஷம். ரத்த அழுத்தம் பார்க்கலாம், கண் பார்க்கலாம். ராத்திரி எவ்வளவு குடிக்கிறார், அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு எந்த நிலையில் இருக்கு, மூணு மாசமா ஏன் தூங்கலை... இதெல்லாம் நாலு கேள்வியில் வருமா? உள்ளூர் ஆள் என்றால் ஏதோ கொஞ்சம் தெரியும். ஸ்டேஷன் ரிப்போர்ட்டும் அப்படித்தான், நாலு பேரை விசாரித்தால் விஷயம் வந்துவிடும். இந்தச் சோதனைக்கு இருக்கும் பலம் மொத்தமும் "இவரை இந்த ஊருக்குத் தெரியும்" என்பதில்தான். மலையைத் தாண்டினால் அந்தப் பலம் போச்சு. லைசென்ஸ்காரருக்கு நாடு முழுக்க ஒரே எண் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள், நல்லதுதான். அந்த எண்ணைத் தட்டினால் லைசென்ஸ் உண்மையா என்று தெரியும், ஆள் எப்படி என்று தெரியாது.

இன்னொன்று. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அதே திருத்தத்தில் லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து ஆனது. முதலாவதை வரவேற்கிறேன். இரண்டாவது எனக்குப் பிடிக்கவில்லை. 62 வயதில் தெளிவாக இருந்தவர் 66-ல் மறதி நோயோடு வருவதை வாராவாரம் பார்க்கிறேன். மனநிலை சரியில்லை என்றால் லைசென்ஸை நிறுத்திவைக்க, ரத்து செய்ய சட்டத்தின் 17-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அதிகாரியிடம் யார் போய்ச் சொல்வது? நான் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

"காட்டுப்பன்றி வருதே டாக்டர்?" வருது. கடையநல்லூர், வாசுதேவநல்லூர் பக்கம் விவசாயிகள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அதிலும் மலைக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு விதி. கேரளாவில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர் உத்தரவிட்டால் லைசென்ஸ் உள்ளவர் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு வெளியே வனத்துறை ஆட்கள்தான் சுடலாம். அங்கே சரியான ஒன்றை இங்கே செய்தால் வனவிலங்கு வழக்கு. லைசென்ஸை மட்டும் பொதுவாக்கி என்ன பிரயோஜனம்?

கடைசியாக, வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் கொலை இல்லை, தற்கொலை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு தற்கொலை பெருமளவு குறைந்தது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். இது எங்கள் வார்டில் தினமும் பார்ப்பது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறீங்கல்ல? யாரும் அதைக் கேவலமா நினைக்கிறதில்லை. அதே மாதிரி வீட்டில் ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருக்கிறார் என்றால், குடி கூடிப்போச்சு என்றால், பெரியவருக்கு ஆள் அடையாளம் தடுமாறுது என்றால், ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ பத்திரமாக வைக்கக் கேளுங்கள். தூக்கிக்கொண்டு கிளம்பும் முன் போனில் சொல்லிவிட்டுப் போங்க. அவரைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாங்க. ராத்திரியில் பேசணும் என்றால் 14416, இல்லை 104. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.