எத்தனை நாள் தங்குவாய்?

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நல்லுபதேசம் நாடி வந்தபோது, குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முகம் கடுகடுத்தார்கள். அல்லாஹ் அதனை ஏற்கவில்லை. திருமறையின் 80ஆம் அத்தியாயம் அதற்குச் சான்று. குறையுடையோர்க்கு நாம் முதலில் தர வேண்டியது நேரமே.

வியன்னாவிலிருந்து அகதியாக வந்த மருத்துவர் கார்ல் கோனிக், ஸ்காட்லாந்தின் அபர்டீன் அருகே 1940இல் தொடங்கிய கேம்ப்ஹில்லில், பன்னாட்டு இளைஞர்கள் குறைபாடுள்ள குழந்தைகளுடன் ஓராண்டுக் காலம் ஒரே இல்லத்தில் வாழ்ந்து தொண்டாற்றியுள்ளனர்.

இரு வாரம் தங்கி, நிழற்படத்துடன் திரும்புவது தொண்டன்று. குழந்தை பழகிய வேளையில் பிரிவது அதன் உள்ளத்தைப் புண்படுத்தும். அயல்நாட்டுத் தொண்டுக்குப் புறப்படும் உங்கள் பிள்ளையிடம், “எத்தனை நாள் தங்குவாய்?” என்று முதலில் கேளுங்கள். இரக்கம் காட்டவன்று, கற்றுக்கொள்ளவே அனுப்புங்கள். அல்லாஹ் நம் நிய்யத்தைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.