சும்மா கொடுத்த சூரியன்

உங்கள் தெருவில் ஒரு பாத்திரக்கடை. முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் அரிசியை இலவசமாக அள்ளிக் கொடுக்கிறார். அரிசி வாங்கினவன் குக்கர் வாங்க நம்ம கடைக்குத்தானே வருவான் என்பது அவர் கணக்கு. ஆனால் அதே அரிசி எதிர்க்கடை குக்கரிலும் நன்றாகவே வேகும். அங்கே விலையும் குறைச்சல். கடையில் பணம் போட்ட மைத்துனர், ‘மச்சான், காசு எந்த வழியா வரும்?’ என்று கேட்டால் அவரை அற்பப்புத்திக்காரர் என்பீர்களா?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விஷயத்தில் அப்படித்தான் சொன்னார்கள். இன்றைக்கும் பழைய கம்ப்யூட்டர் ஆசாமிகளிடம் சன் பேச்சை எடுங்கள். ‘தங்கமான கம்பெனி சார், வால் ஸ்ட்ரீட்காரங்க கொன்னுட்டாங்க’ என்று கண் கலங்குவார்கள். தங்கம்தான், மறுக்கவில்லை. ஜாவா அங்கே பிறந்தது. ஆனால் கேள்வி கேட்ட பங்குதாரரை வில்லனாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

1982-ல் நாலு பேர் ஆரம்பித்த கம்பெனி. அதில் ஒருவர் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த வினோத் கோஸ்லா. சொந்தமாக ஸ்பார்க் சிப், சொந்தமாக சோலாரிஸ் என்ற இயங்குதளம், இரண்டையும் சேர்த்து விலை உயர்ந்த சர்வர்கள். இன்டர்நெட் ஜுரம் அடித்த காலத்தில் ‘டாட் காமில் இருக்கும் டாட் நாங்கள்தான்’ என்று விளம்பரம் செய்தார்கள். வருமானம் என்றால் என்னவென்றே தெரியாத டாட் காம் கம்பெனிகள் எல்லாம் சன் சர்வரை வாங்கிக் குவித்தன. 2000-ல் பங்கு விலை 64 டாலர்.

குமிழி உடைந்தது. மூடிய கம்பெனிகளின் புத்தம்புது சன் மெஷின்கள் ஏலத்துக்கு வந்தன. சன்னுக்கு சன்னே போட்டி!

அப்புறம்தான் வேடிக்கை. தலைவர் ஸ்காட் மெக்னீலி 2002-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் பங்குதாரர்களுக்குப் பாடம் எடுத்தார். 64 டாலர் என்பது எங்கள் விற்பனையைப் போல பத்து மடங்கு. பத்து வருஷத்தில் அந்தக் காசு உங்களுக்குத் திரும்ப வேண்டுமானால், சரக்குச் செலவு, சம்பளம், வரி, ஆராய்ச்சி எதுவுமே இல்லாமல் மொத்த விற்பனையையும் பத்து வருஷம் டிவிடெண்டாக நான் தர வேண்டும்; என்ன நினைத்து வாங்கினீர்கள் என்று கேட்டார். அருமையான கணக்கு. பி.காம். முதல் வருஷத்திலேயே போடுவோம். ஆனால் 2000-ல், ‘டாட்’ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது இதைச் சொல்லியிருக்கலாமே சார்? விலை ஏறும்போது தவில் வாசித்துவிட்டு, இறங்கினதும் கேட்டவன் காதைக் குறை சொல்வது என்ன நியாயம்?

பணம் போட்டவர்கள் உஷாரானது அதற்கப்புறம். உஷாராகக் காரணமும் இருந்தது. லினக்ஸ் பக்கம் போகத்தானே 2000-ல் சுமார் 200 கோடி டாலர் மதிப்பில் கோபால்ட் கம்பெனியை வாங்கினார்கள்? 2003-க்குள் அந்தச் சரக்கையே நிறுத்திவிட்டார்கள். அதே 2003-ல் புதுத் திட்டம்: எங்கள் சாஃப்ட்வேர் மூட்டை மொத்தமும் ஊழியர் ஒருவருக்கு வருஷம் 100 டாலர். எளிமையான விலை, பாராட்டலாம். இரண்டே வருஷத்தில் அதையும் இலவசமாக்கினார்கள். 2005-ல் சோலாரிஸின் மூலநிரல் வெளியே வந்தது. 2006-ல் ஜாவாவையும் திறந்துவிடுவதாக அறிவிப்பு.

அப்போது தலைவராகியிருந்த ஜோனதன் ஷ்வார்ட்ஸின் வாதம் சுருக்கமானது. முதலில் கூட்டம் சேரட்டும், காசு பின்னால் வரும். சர்வரையே 60 நாள் சும்மா வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்று ஒரு திட்டம் வேறு.

கூட்டம் சேர்ந்தது, அதில் பொய்யில்லை. சன் இலவசமாகத் தந்த ஓப்பன் ஆபீஸ் நம்மூர் எல்காட் வரைக்கும் வந்தது. எல்லோரும் நன்றி சொன்னோம். நன்றியை டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா?

இலவசம் என்பதே தப்பு என்கிறேனா? இல்லைங்க. ரெட் ஹேட்டைப் பாருங்கள். சாஃப்ட்வேர் இலவசம், பராமரிப்புக்குச் சந்தா. எதற்குக் காசு என்பதில் தெளிவு. 2019-ல் ஐ.பி.எம். அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. சன்னுக்கு மெஷின் விற்றால்தான் சோறு. ஆனால் சோலாரிஸ், டெல் மெஷினிலும் ஓடும், எச்.பி. மெஷினிலும் ஓடும். எதிர்க்கடை குக்கர்!

இதற்கு பதில் சொல்லாமல் 2007-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? பங்குச்சந்தைக் குறியீட்டை ‘ஜாவா’ என்று மாற்றினார்கள். அடுத்து, நாலு பங்கை ஒன்றாக்கி, ஐந்து டாலர் பங்கை இருபது டாலர் பங்காகக் காட்டினார்கள். நாலு ஐந்து ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு ஒரு இருபது ரூபாய் நோட்டைக் கொடுத்தால் நீங்கள் பணக்காரராகிவிடுவீர்களா? 2008 ஜனவரியில், இன்னொரு இலவச சாஃப்ட்வேர் கம்பெனியான மை எஸ்.க்யூ.எல்.லை 100 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அதே வருஷம் நவம்பரில் 6,000 பேர் வரை வேலை போகும் என்று அறிவிப்பு. கணக்குக் கேட்டவனை அற்பன் என்றார்களே, கணக்குக் கேட்காததற்கான பில் இவர்கள் தலையில்தான் விழுந்தது.

2009-ல் ஆரக்கிள் பங்குக்கு 9.50 டாலர் என்று விலை பேசியது. பழைய பங்குக் கணக்கில் 2 டாலர் 37 சென்ட். 64 எங்கே, இது எங்கே! ஷ்வார்ட்ஸ் 2010-ல் ட்விட்டரில் ஒரு ஹைக்கூ எழுதி விடைபெற்றார். பங்குதாரருக்கு ஹைக்கூ எழுதுகிற மனநிலை இருந்திருக்காது.

அந்த ஜாவா இப்போது என்ன ஆச்சு? இலவசப் பதிப்பு இன்றும் உண்டு. ஆனால் 2023 ஜனவரியில் ஆரக்கிள் தன் பதிப்புக்கு ஒரு சந்தா விலை அறிவித்தது. சின்ன கம்பெனிகளுக்கு ஊழியர் ஒருவருக்கு மாதம் 15 டாலர். சன் 2003-ல் போட்ட அதே தலைக்கணக்கு. ஆனால் வருஷத்துக்கு 180 டாலர் ஆகிறது. ஜாவா என்ற பேரையே கேட்டிராத ஊழியரையும் சேர்த்து எண்ணுகிறார்கள்.