கடிகாரப் பலகையும் மின்னேற்றமும்

பெற்றோர் சிலர், பிள்ளைகளின் ஆர்டுயினோ பயிற்சிக்கென இணையக் கடைகளில் கடிகாரப் பலகை வாங்கித் தருகின்றனர். நல்ல செயல். ஆயினும் இசட்எஸ்-042 எனும் மலிவான நீலப் பலகையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

அதிலுள்ள டிஎஸ்3231 சில்லில் குறையில்லை. ஓராண்டிற்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே பிசகும். குறை, துணை மின்கலத்திற்கான மின்னேற்றப் பாதையில் உள்ளது. அங்கே 200 ஓம் மின்தடை ஒன்றும் டையோடு ஒன்றும் மட்டுமே உண்டு. மின்னேற்றத்தை நிறுத்த எதுவுமில்லை. பலகைக்கு 5 வோல்ட் கொடுத்தால், டையோடில் 0.6 கழிய, மின்கலத்திற்கு 4.4 வோல்ட் அளவில் செல்கிறது. மறுமின்னேற்றத்திற்குரிய எல்ஐஆர்2032 கலத்திற்கே 4.2 வோல்ட்தான் உச்சவரம்பு. சிஆர்2032 கலமோ மின்னேற்றத்திற்கு உரியதே அன்று. வீங்கலாம், கசியலாம், வெடிக்கவும் கூடும். இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கடையில் கிடைப்பதைத்தானே செருகும்?

“3.3 வோல்ட் கொடுத்தோம், கலம் ஏறவேயில்லை, பலகை பழுது” என்பாரும் உளர். பழுதன்று. டையோடு கழிந்து எஞ்சும் 2.7 வோல்ட், 3.6 வோல்ட் கலத்தில் எப்படி ஏறும்?

மின்னேற்றமே தேவையில்லை என்பது என் கருத்து. கணக்கைப் பாருங்கள். சிஆர்2032 கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லியாம்பியர் மணி. சில்லு 3 மைக்ரோஆம்பியர் எடுப்பதாகக் கொண்டாலும் 73,000 மணி நேரம், அதாவது எட்டு ஆண்டுகள். (ஆறாம் ஆண்டு மாணவருக்கு இதைவிட நல்ல வகுத்தல் கணக்கு ஏது!) ஆகவே அந்த மின்தடையையோ டையோடையோ கழற்றிவிட்டு, சிஆர்2032 கலத்தையே பயன்படுத்தலாம். ‘201’ என்று பொறித்திருப்பதே அம்மின்தடை.

இதை ஆசிரியரே முன்கூட்டிச் செய்து கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பற்றவைப்புக் கோலைப் பெரியவர் பிடிக்கட்டும். அளவெடுப்பதை மாணவரிடம் விடுங்கள். கலத்தை எடுத்துவிட்டு, 5 வோல்ட் கொடுத்து, கலக்கூட்டின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைக்கட்டும். 4 வோல்ட்டிற்கு மேல் காட்டினால் பாதை இன்னும் அறுபடவில்லை. காணொளியைப் பார்த்துக் கம்பி மாட்டுவதில் இந்தக் கேள்வி எழுவதேயில்லை. நம் மின்னியல் வகுப்புகளின் பெருங்குறை அதுதான்.

கழற்றிய கலத்தை மேசைமேல் விடாதீர்கள். சிறுபிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.