ரசீது கேட்டால் பாவமா?

நமது தோழர் ஒருவர், கூலிக்குத் தறி ஓட்டுபவர், தம் தாயாருக்கு இரண்டு நாள் ஜுரமென்று பக்கத்துப் பட்டணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊரும் பேரும் இங்கு வேண்டியதில்லை. மூன்று நாள் படுக்கை, குளுக்கோஸ், வேளைக்கொரு இஞ்செக்ஷன், தலைக்கு ஒரு ஸ்கேன், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். ஜுரம் எதனாலென்று கேட்டதற்கு "வைரஸ்" என்று ஒரே வார்த்தை. வைரஸ் ஜுரத்தில் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாதென்பது டாக்டர் படித்த புத்தகத்திலேயே உள்ள சங்கதி. ஆனால் சீட்டில் ஆன்டிபயாட்டிக் இரண்டு! அவையும் அந்த ஆஸ்பத்திரி வாசல் கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்காத கம்பெனிப் பெயரில். கடைசியில் 38,400 ரூபாய் என்று ஒரு துண்டுக் காகிதம். அதில் 9,000 ரூபாய்க்கு எதிரே "இதர செலவு" என்றிருந்தது.

தோழர் விபரமான பில் கேட்டார். "நம்பிக்கை இல்லாவிட்டால் இங்கு ஏன் வந்தாய்?" என்பதே டாக்டரின் பதில்.

இந்தப் பதில் நமக்குப் புதியதன்று. திவசத்துக்கு வாங்கிய அரிசியும் காயும் செத்துப்போன அப்பனுக்கு எந்த வழியாய்ப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டவனுக்குப் புரோகிதன் சொல்லிவந்ததும் இதுவே. புரோகிதனுக்காவது வேறு பதில் கிடையாது. டாக்டருக்கு இருக்கின்றதே! சோதனையும் கணக்கும் காரணமும் கையில் உள்ளவர், நம்பிக்கையைக் கொண்டுவந்து எதற்காகக் குறுக்கே போடுகின்றார்?

இதைவிட நமக்கு வருத்தம் தந்தது தோழரின் தமக்கையார் சொன்னது. "ஆத்தா உயிரைக் காப்பாத்துன மகராசன் மேல மனுப்போட்டாப் பாவம்டா" என்றாராம். கும்பிட்ட கையால் கணக்குக் கேட்க முடியாதென்பதை நமது மக்கள் கோயிலில் பழகி, அப்பழக்கத்தை ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போகின்றார்கள்.

படித்த நண்பர் ஒருவர் வேறு விதமாய்க் கோபித்தார். டாக்டர்களைக் குறை சொன்னால் ஜனங்கள் மந்திரிப்பவனிடம் போய்விடுவார்களாம். பகுத்தறிவுக்காரர் இதைச் செய்யலாமா என்றார். பெரியம்மை ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1980ல் அறிவித்ததே, அதை ஒழித்தது அம்மை குத்தியதா, மாரியம்மனுக்கு ஊற்றிய கூழா? வைத்திய சாஸ்திரத்தின் பக்கம் நிற்பதில் நாம் எவருக்கும் பின்வாங்கியவர்களல்லோம். ஆனால் ஏழையை மந்திரவாதியிடம் விரட்டுவது நமது மனு அல்ல, அந்த 9,000 ரூபாய் "இதர செலவு"தான்.

நிற்க. சட்டம் என்ன சொல்லுகின்றது? 2002ம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிகள் இன்னும் அமுலில் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் வந்த புது விதிகள் அம்மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டன. டாக்டர் தம் கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுத வேண்டும். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. நோயாளி கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். மீறினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். ஆறு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டுமென்பதும் அதே விதியில் உண்டு. பணத்துக்கு நுகர்வோர் கோர்ட் இருக்கின்றது. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் அந்தச் சட்டத்துக்குள் வருமென்று சுப்ரீம் கோர்ட் 1995லேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கவுன்சிலிலும் டாக்டர்கள்தானே என்கிறார் தோழர். வாஸ்தவம். ஆகையால்தான் வாய்ப்பேச்சு உதவாது, சீட்டும் பில்லும் மாத்திரை அட்டையும் வேண்டும் என்கிறோம். அதோடு ஒன்று. கட்டணம் அதிகம் என்பது மட்டும் குற்றமாகாது. தலைக்கு ஸ்கேன் அவசியமா என்று தறிக்காரரும் நாமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்று கேட்பதே மனு. திருடன் என்று எழுத வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று தோழரிடம் சொல்லியிருக்கின்றோம்.

குறிப்புகள் கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் போய் ஒன்பது நாள் ஆகின்றது. 72 மணி எத்தனை நாள் என்று கணக்குப் போடத் தறிக்காரருக்குத் தெரியும். மனு எழுதியாகிவிட்டது. பதில் வந்தால் வந்தபடியே பிரசுரிப்போம்.