கன்னி மூலையும் கண்ணுறக்கமும்



திருப்பத்தூரில் நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் புது வீடு கட்டினார். படுக்கை அறையைக் கிழக்குப் பக்கமாக வைத்து, அதற்குக் கிழக்கே ஒரு ஜன்னலும் தெற்கே ஒரு ஜன்னலும் விடுவதென்று அவரும் கொத்தனாரும் முடிவு செய்து, சுவரும் இடுப்பளவு எழும்பிவிட்டது. அச்சமயம் சம்பந்தி வீட்டார் ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் சுற்றிப் பார்த்து, "குடும்பத் தலைவன் படுக்கும் அறை தென்மேற்குக் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும், தெற்கு எமன் திசை, அங்கே ஜன்னல் கூடாது, 12 அடி அகலம் ஆகாது, 11 அடியாகக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு, தட்சணையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எழும்பிய சுவர் இடிபட்டது. கடன் வாங்கிய பணத்தில்தான் இடிபட்டது!

இப்போது சித்திரை, வைகாசி வந்தால் அந்த அறையில் மனிதர் படுக்க முடிவதில்லை. ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள். கைக்குழந்தைக்காரியான மருமகள் மட்டும் அந்தச் சூளைக்குள்ளேயே கிடந்து, விடிய விடிய விசிறிக்கொண்டிருக்கிறாள். வாஸ்துக்காரரோ தம் வீட்டில் சுகமாகத் தூங்குகிறார்.

இது எதனால் வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மத்தியானம் முதல் பொழுது சாயும் வரை வெயில் விழுவது மேற்குச் சுவரில். செங்கல் சுவர் அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, அதாவது நாம் படுக்கப் போகும் வேளையில், உள்ளே கக்குகிறது. கிழக்குச் சுவரோ காலை வெயிலோடு சரி, இரவுக்குள் ஆறிவிடும். ஆகவே இரவில் அதிகமாக வேகும் மேற்குப் பக்கத்து மூலை ஒன்றையே பொறுக்கி எடுத்துப் படுக்கையறை என்று விதித்திருக்கிறார்கள்!

தெற்கு ஜன்னல் சங்கதியைப் பாருங்கள். நம் சீமையில் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து செல்கிறான். அந்த மாதங்களில் தெற்குச் சுவரில் நாள் முழுவதும் நேர் வெயில் படுவதே கிடையாது. மார்கழி, தை மாதங்களில் படும் வெயிலுக்கு ஜன்னலுக்கு மேல் ஒரு சிறு சார்ப்பு போதும். இப்படிப்பட்ட ஜன்னலை எமனுக்குப் பயந்து அடைக்கச் சொல்லும் அதே வாஸ்துக்காரர், படுக்கும்போது மட்டும் தெற்கே தலை வைத்துப் படு என்கிறார். எமன் ஜன்னல் வழியாக வந்தால் ஆகாது, தலைமாட்டில் நின்றால் ஆகுமோ?

வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதற்கு முன்பு ஒரு புராணம் சொன்னார்கள். வடக்கே தலை வைத்துப் படுத்திருந்த யானையின் தலை வெட்டுப்பட்டுப் பிள்ளையாருக்குப் போயிற்றாம். இப்போது படித்தவர்களிடம் அது செல்லவில்லை என்று கண்டு, பூமி ஒரு காந்தம், இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, ஆகையால் ஆபத்து என்று வேஷம் மாற்றிக்கொண்டார்கள். பூமி ஒரு காந்தம் என்று வில்லியம் கில்பர்ட் இங்கிலாந்தில் எழுதியது 1600-ஆம் ஆண்டில். அதற்கு முன்பே இருந்த வழக்கத்திற்கு அதைக் காரணம் காட்டுவது, பிள்ளை பிறந்த பிறகு தகப்பனைத் தேடுவது போலாகும். ஜப்பானியரும் வடக்கே தலை வைக்க அஞ்சுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணமோ புத்தர் அப்படிக் கிடந்து இறந்தார் என்பது. ஊருக்கு ஒரு காரணம் என்றால் அது காரணமா, கதையா?

காந்தம் என்றே வைத்துக்கொள்வோம். பூமியின் காந்த பலம் நம் நாட்டில் ஏறக்குறைய 40 மைக்ரோ டெஸ்லா. ஆஸ்பத்திரிகளில் உள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பலம் சாதாரணமாக 1.5 டெஸ்லா, அதாவது 35,000 மடங்குக்கும் மேல். அதற்குள் நோயாளியைப் படுக்க வைத்து எடுக்கிறார்கள். எவர் இரத்தமும் தலைக்கு ஏறிவிடவில்லை. இரத்தத்தில் உள்ள இரும்பு ஆணி இரும்பைப் போல் காந்தத்தில் ஒட்டும் இரும்பு அல்ல.

இனி அடிக் கணக்கு. இந்நாட்டுத் தச்சர்கள் முழக்கோல் பிடித்து அளந்தார்கள். 12 அங்குலம் கொண்ட இந்த அடி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அவன் அடிக்கு நம் ரிஷிகள் பலன் எழுதி வைத்தார்களா? பூசிய சுவருக்கு ஒரு அளவு, பூசாத சுவருக்கு ஒரு அளவு. அரை அங்குலச் சாந்தில் தரித்திரம் செல்வமாகிவிடும் என்றால், நாட்டின் வறுமையைப் போக்கக் கொல்லத்துக்காரன் ஒருவனே போதுமே!

"செட்டிநாட்டு வீடுகள் சாஸ்திரப்படி கட்டியவை, எவ்வளவு குளிர்ச்சி பாருங்கள்" என்பார்கள். குளிர்ச்சி உண்மைதான். அது தடித்த சுவராலும், சுண்ணாம்புச் சாந்தாலும், உயர்ந்த கூரையாலும், சூடான காற்றை மேலே அனுப்பும் வளவாலும் வந்தது. அதாவது கொத்தனார் மூளையாலும் கூலியாள் வேர்வையாலும் வந்தது. செல்வமோ பர்மா, மலாயா, இலங்கைத் தொழிலால் வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது, எந்த மூலையும் எந்த அடியும் அதைக் காப்பாற்றவில்லை. அப்படிப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் விலைக்கு நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்படியானால் தூங்கும் அறை எப்படி இருக்க வேண்டும்? உடம்பின் உள்சூடு சற்றுத் தணிந்தால்தான் தூக்கம் வரும். ஆகவே கூடியவரை மேற்கு வெயில் படாத பக்கமாக அறை அமையட்டும். காற்று ஒரு வழியாக நுழைந்தால் மறு வழியாக வெளியேற வேண்டும். அதற்கு இரண்டு சுவர்களில் ஜன்னலும், கூரையை ஒட்டிக் காற்றுத் துவாரமும் வேண்டும். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு வேம்போ, ஒரு தாழ்வாரமோ நிழல் தரட்டும். மாடித் தளத்திற்குக் கோடை தொடங்குமுன் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். இருட்டில்தான் உடம்பு தூக்கத்திற்கான மெலடோனினைச் சுரக்கிறது. ஆகவே விளக்கையும் கைப்பேசியையும் படுக்கைக்கு வெளியே நிறுத்துங்கள். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அன்று முதல் கொசுவலையைவிடச் சிறந்த ரட்சை வேறு இல்லை. இத்தனைக்கும் ஆகும் செலவு, சுவரை இடித்துக் கட்டும் செலவில் பாதிகூட வராது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. வீட்டில் கடைசியாகப் படுத்து முதலாவதாக எழுபவள் பெண். காற்றாடி ஆணுக்கு, அடுக்களை ஓரம் அவளுக்கு; விதவையானால் வெறுந்தரை, மாதவிலக்கானால் கொல்லைத் திண்ணை என்று விதித்ததும் இதே சாஸ்திரம்தான். நாலு திசை பார்த்த சாஸ்திரிகள், அவள் தூங்கினாளா என்று ஒரு நாளாவது பார்த்ததுண்டா?

ஆகவே தோழர்களே, வீடு கட்டுமுன் வாஸ்துக்காரரைக் கேளாதீர்கள். வெயிலைக் கேளுங்கள், காற்றைக் கேளுங்கள், கொத்தனாரைக் கேளுங்கள், அந்த அறையில் படுக்கப் போகும் பெண்ணைக் கேளுங்கள். முன்பே அடைத்துவிட்டவர்கள் அந்தத் தெற்கு ஜன்னலை இந்தக் கோடைக்கு முன் உடைத்துத் திறந்து விடுங்கள். வருவது எமனா, காற்றா என்பது முதல் ராத்திரியிலேயே தெரிந்துவிடும்.