ஊசியில்லாத ஸ்கானும் உடலில் கிடக்கும் செல் துண்டும்

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. ஆனால் அந்த யுத்தத்தின் இரும்பு எங்கள் மக்கள் பலரின் உடலுக்குள் இன்னமும் கிடக்கிறது. மூளைக் கட்டி பற்றிய கட்டுரையை இப்படித் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டிக்குள் ஓடும் இரத்தத்தை ஊசி ஏற்றாமலே படம்பிடிக்கும் முறை இன்று உலகின் பல வைத்தியசாலைகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அந்தப் படத்தை எடுப்பது ஒரு பெரிய காந்தம். இரும்பைச் சுமந்து வாழும் ஒரு சமூகத்துக்கு இந்த வசதி எப்படிப் போய்ச் சேரும் என்பதே என் கேள்வி.

இரத்த ஓட்டத்தை ஏன் பார்க்க வேண்டும்? மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 வீதம்தான். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் 15 வீதம் மூளைக்கே போகிறது. வேகமாக வளரும் கட்டி அதிலும் கூடுதல் பங்கு கேட்கும். தனக்கென்று புதிய குருதிக் குழாய்களை உருவாக்கிக்கொள்ளும். ஆகவே கட்டிக்குள் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்பது அதன் தீவிரத்துக்கு ஒரு நல்ல தடயம்.

சிகிச்சைக்குப் பிறகு இந்தத் தடயம் இன்னும் முக்கியமாகிறது. கிளையோபிளாஸ்டோமா போன்ற கடுமையான கட்டிகளுக்குச் சத்திரசிகிச்சையின் பின் கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். அடுத்த சில மாதங்களில் எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி பெருத்தது போலத் தெரியலாம். கட்டியே வளர்ந்திருக்கலாம், சிகிச்சையால் அந்த இடம் வீங்கியும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. கட்டி வளர்ந்திருந்தால் சிகிச்சையை மாற்ற வேண்டும். வெறும் வீக்கம் என்றால், பலன் தரும் சிகிச்சையை நிறுத்துவது பெரும் தவறு. அந்த இடத்தில் இரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது வைத்தியருக்கு வழிகாட்டும்.

இதைப் பார்க்க நீண்டகாலமாக உள்ள முறை, கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தை ஊசியால் ஏற்றுவது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்த சிலருக்கு இந்த மருந்துக்குப் பின் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய் வருவது 2006 இல் தெரியவந்தது. பழைய வகை மருந்துகளில்தான் ஆபத்து அதிகம். 2017 இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் அவற்றுள் பலவற்றின் பாவனையை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ பரிந்துரைத்தது. இன்றைய வகைகளில் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் சிறுநீரக நோயாளிக்கு ஊசி ஏற்ற வைத்தியர் தயங்குவார். காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்காமல் வவுனியாவையும் பாதித்திருப்பதால், இது எமக்குத் தூரத்து விடயமல்ல.

ஊசியில்லாத முறையை 1992 இல் அமெரிக்காவில் ஜோன் டெற்ரே, அலன் கொரெட்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் செய்து காட்டினர். இரத்தத்தில் பெரும்பகுதி நீர். மூளைக்குப் போகும் நாடிகளில், கழுத்தளவிலேயே அந்த நீருக்கு வானொலி அலைகளால் ஒரு காந்த அடையாளம் இடுகிறார்கள். அது மூளைக்கு வந்து சேர ஏறத்தாழ 2 செக்கன் காத்திருந்து ஒரு படம். அடையாளம் இடாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது அங்கு வந்து சேர்ந்த இரத்தம். வித்தியாசம் 1 வீதமளவுதான் என்பதால் பல தடவை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். நோயாளி சுமார் 5 நிமிடம் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அடையாளம் சில செக்கன்களில் தானாக அழிந்துவிடும். கதிர்வீச்சும் இல்லை. தேவையான போதெல்லாம் திரும்ப எடுக்கலாம்.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. படம் அவ்வளவு துல்லியமானதல்ல. வயதானவர்களில் இரத்தம் பிந்தி வந்தால் கணக்குப் பிழைக்கும். தீவிரம் குறைந்த சில கட்டிகளும் அதிக இரத்தம் காட்டும். அது என்ன கட்டி என்று உறுதிப்படுத்த இன்னமும் திசுப் பரிசோதனையே வேண்டும்.

எங்கள் மக்களுக்கு இதைவிடப் பெரிய தடை காந்தம்தான். 1.5 ரெஸ்லா இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. ஸ்கான் எடுக்காத நேரத்திலும் அதன் இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். எறிகணைச் சிதறல்கள் பெரும்பாலும் உருக்கு. கண்ணுக்குள் இருந்த இரும்புத் துண்டு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அசைந்து இரத்தக் கசிவை ஏற்படுத்திய சம்பவம் 1986 இலேயே மருத்துவ இதழில் பதிவானது. மூளை, முள்ளந்தண்டு, பெரிய குருதிக் குழாய்கள் ஆகியவற்றுக்கு அருகில் உள்ள துண்டுகளும் ஆபத்தானவை. மறுபுறம், பல வருடங்களாகத் தசைக்குள் கிடந்து தழும்போடு இறுகிப்போன சிறு துண்டு உள்ள பலருக்குப் பாதுகாப்பாக ஸ்கான் எடுக்க முடியும். எக்ஸ்ரே பார்த்து அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கதிரியல் நிபுணர். “செல் பீஸ் இருந்தால் ஸ்கானே கிடையாது” என்பதும் பிழை. சொல்லாமல் போய்ப் படுப்பதும் பிழை. மாற்று வழியான சி.ரி. ஸ்கானில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கக் கதிர்வீச்சும் அயடீன் ஊசியும் தேவை. சிறுநீரகமும் பழுதான ஒருவருக்கு அதுவும் இலகுவல்ல.

இந்த இடத்தில்தான் விடயம் மருத்துவத்தைத் தாண்டுகிறது. உடலில் உலோகம் இருக்கிறதா என்று ஸ்கானுக்கு முன் கேட்பார்கள். எங்கே, எப்போது, எப்படிப் பட்டது என்ற கேள்விகள் பின்னால் வரும் என்று நினைத்து வாய்திறக்காதவர்களை நான் அறிவேன். முன்னாள் போராளி என்று பெயர் விழுந்துவிடும் என்ற பயம் சிலருக்கு. குழந்தையாக இருந்தபோது காயப்பட்டு, தன் உடலில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பயத்தால் மறைக்கப்படும் ஒரு துண்டு அந்த அறைக்குள் உயிராபத்தாகலாம்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதே என் வாதம். ஸ்கானுக்கு முன் கொடுக்கும் கேள்விப் படிவம் தமிழில், மக்கள் பேசும் சொற்களில் இருக்க வேண்டும்: செல் பீஸ், ரவை, மிதிவெடித் துண்டு. காயம் எப்படி வந்தது என்று அதில் கேட்கக் கூடாது. துண்டு எங்கே, எந்த அளவில் இருக்கிறது என்பதை ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துக் குறித்து, அந்த அட்டையை நோயாளியின் கையிலேயே கொடுக்கலாம். ஊசியில்லாத முறைக்குப் பல நவீன எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் புதிய கருவி தேவையில்லை. அதற்கான மென்பொருளும், படத்தை வாசிக்கப் பயின்ற ஆட்களும் வேண்டும். மாகாண சுகாதாரத் துறையிடம் இவற்றை நாங்கள் கேட்டுப் பெற வேண்டும்.

அதுவரை, உடலில் துண்டு உள்ளவர்கள் பழைய எக்ஸ்ரே படங்களையும் வைத்தியசாலைத் துண்டுகளையும் எறியாமல் வைத்திருங்கள். எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பப்பட்டால், அறைக்குள் போவதற்கு முன் “என் உடம்பில் இரும்பு இருக்கிறது” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.