பாவம் விவசாயி என்று எழுதாதீர்கள்

அரசு வேலையில் இருந்தபோது பல வருடங்கள் எனக்குப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளோடுதான் பழக்கம். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய 'எத்தா சிவில்' ஏடுகளைப் பார்த்து நகல் எழுதும் வேலை வந்தால், பிரெஞ்சு படித்தவன் என்று என் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். இறந்தவர் பெயர், வயது, தாய் தகப்பன் பெயர், தொழில். பாகூர் பக்கத்து ஏடுகளில் தொழில் என்று வரும் இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே சொல்தான்: 'குல்த்திவாத்தேர்'. பயிரிடுகிறவர் என்று அர்த்தம். எண்பது வருடம் வாழ்ந்த மனிதனுக்கு ஒரு சொல். அரசாங்க ஏட்டுக்கு அது போதும். வீட்டு மனிதர்களுக்கும் அதுவே போதும் என்று ஆகிவருகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது அந்த ஒரு சொல்லோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது: 'பாவம்'. சினிமாவில் விவசாயி வந்தால் வெடித்த நிலம், தலையில் கை. மேடையில் பேசினால் கண்ணீர். வாட்ஸப்பில் வரும் படத்தில் ஒட்டிய வயிறு. இவையெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். விலை கிடைக்காததும், கடனும், கடலோரத்தில் கிணற்று நீர் உப்பாகிப் போனதும் நம் கண் முன்னால் நடப்பவை. ஆனால் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், உழுது பிழைத்தவன் ஒருநாள்கூடச் சிரித்ததில்லை என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

என் மூத்த அக்காவின் வீட்டுக்காரர் போன வருடம் காலமானார். வயது எண்பத்து நான்கு. பாகூருக்குப் பக்கத்துக் கிராமம். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அவரைப் போலச் சந்தோஷமாக வாழ்ந்த மனிதரை நான் அலுவலகத்திலும் பார்த்ததில்லை, ஊரிலும் பார்த்ததில்லை.

தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வரும். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்தால் மாமா வீட்டில் இருக்க மாட்டார். தண்ணீரின் முன்னால் பிள்ளைகளை ஓடவிட்டு, அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். கோடையில் ஏரி வற்றிச் சேறாகிக் கிடக்கும் நாட்களில் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், விரால் மாட்டுகிறதோ இல்லையோ, உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறோடுதான் திரும்புவார். கிடைத்த மீனை ஏரிக்கரையிலேயே மூன்று கல் வைத்துக் குழம்பாக்கி, கூட வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பங்கு போட்ட பிறகுதான் தன் கையை நனைப்பார். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு வண்டி கட்டினால் தெருவில் பாதி அந்த வண்டியில் இருக்கும். கூத்து என்றால் விடிய விடிய. ஒரு வருடம் கட்டியங்காரன் வேஷம் கட்டிய ஆள் வராமல் போக, இவர் ஏறி நின்றார். துரியோதனனே சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

என்னிடம் ஒரே ஒரு பிரெஞ்சு வார்த்தைதான் கற்றுக்கொண்டார். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் இரண்டு எருதுகளுக்கும் 'போன்ழூர்' சொல்வார். அவை தலையை ஆட்டினால், "பாரு, பதில் சொல்லுது" என்பார்.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: ஆட்டமும் பாட்டமுமாக இருந்தவர் எப்படிப் பொறுப்பாக இருந்திருப்பார்? எங்கள் பள்ளிக்கூடத்தில் லா ஃபோந்தேனின் சிள்வண்டும் எறும்பும் கதையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கோடை முழுக்கப் பாடிய சிள்வண்டு, குளிர் வந்ததும் எறும்பிடம் கடன் கேட்கிறது. இத்தனை நாள் பாடினாய் அல்லவா, இனி ஆடு என்று எறும்பு விரட்டுகிறது. உழைக்கிறவன் ஒரு ஜாதி, பாடுகிறவன் வேறு ஜாதி என்று எங்கள் மண்டையில் ஏற்றிய பாடம் அது. பின்னால் ழான் ஆன்ரி ஃபாபரைப் படித்தேன். அவரும் வேளாண் குடும்பத்து வழிவந்தவர்தான், பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவர். கதை தலைகீழ் என்கிறார் அவர். சிள்வண்டுதான் மரப்பட்டையில் துளை போட்டுச் சாறு எடுக்கிறதாம். எறும்புகள் அங்கே கூட்டமாக வந்து அந்தச் சாற்றுக்காக அதைப் பிடுங்கித் தள்ளுகின்றனவாம். பாடுகிறவனும் உழைக்கிறவனும் ஒரே ஆள்!

மாமா அப்படித்தான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் பட்டத்தையும் தவறவிட்டதில்லை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். முறைத் தண்ணீர் நடுராத்திரி வந்தால் நடுராத்திரி மடையில் நிற்பார். ஆனால் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டுதான் போவார். தண்ணீர் பாயும் நேரத்தில் ஆந்தை எந்த மரத்தில் இருக்கிறது, நாரை எந்தப் பக்கம் அடைகிறது, எந்த நட்சத்திரம் எழுந்தால் எத்தனை மணி என்று காட்டுவார். வேலையையும் விளையாட்டையும் அவர் தனித்தனியாக வைத்துக்கொண்டதே இல்லை.

கஷ்டம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கொல்லையில் இருந்த மா, பலா, தென்னை எல்லாம் சாய்ந்தன. கதிர் வந்த பயிர் தண்ணீரில் படுத்தது. மூன்றாம் நாள் நான் போய்ப் பார்க்கையில், வேரோடு சாய்ந்து பாதியில் நின்ற வேப்பமரத்தில் கயிறு கட்டிப் பேரப்பிள்ளைகளை ஊஞ்சலாட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. "அழுதாச்சு. அதுங்க என்ன பண்ணும் பாவம், ஆடட்டும்" என்றார். அந்த ஊஞ்சல் விளையாட்டுப் புத்தியில் கட்டியதல்ல. குடும்பத்தை நிமிர்த்தி நிறுத்தும் வேலையை அவர் அப்படித்தான் செய்தார்.

அக்காவுக்கு அவர்மேல் குறை உண்டு. "களை எடுக்க ஆள் வந்து நிக்கும், இவரு ஊத்தாவத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவாரு" என்று என்னிடம் சொல்லாத வருடமில்லை. அந்தப் பாரம் அவள் தலையில் விழுந்ததும் உண்மை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கருமகாரியம் முடிந்த மறுநாள் அதே அக்கா, "வீட்ல சத்தமே இல்லடா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் காரியத்துக்கு வைத்த பேனரில் என்ன இருந்தது தெரியுமா? அச்சகத்தில் எல்லாருக்கும் போடும் அதே கண்ணீர் அஞ்சலி. அடையாள அட்டைக்கு எடுத்த, சிரிக்காத ஒரு படம். கீழே 'உழைப்பே உயிராக வாழ்ந்தவர்'. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பேரன் அதன் அருகில் நின்று என்னிடம் சொன்னான்: "தாத்தா பாவம், வாழ்க்கை பூரா வெயில்லயே கஷ்டப்பட்டுட்டார்." அவன் அன்பில் குறையில்லை. ஆனால் ஊஞ்சலில் ஆடிய பிள்ளைகளில் அவனும் ஒருவன். பேனர் சொன்னது அவன் கண்ணால் பார்த்ததையே மறைத்துவிட்டது.

பாகூரைச் சுற்றி வயலுக்கு நடுவே மனைக் கற்கள் முளைத்து வருகின்றன. மாமாவின் நிலத்துக்கும் ஆள் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். விற்பதும் வைத்திருப்பதும் பிள்ளைகள் இஷ்டம், வயதானவன் குறுக்கே நிற்கக்கூடாது. தாத்தாவை வருத்திய நிலம்தானே என்று நினைத்து விற்றால் மட்டும் அது தவறான கணக்கு. எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்கட்டும்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. உங்கள் வீட்டில் நினைவஞ்சலி எழுத நேர்ந்தால் அச்சகத்து வாசகத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். அவர் என்ன சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கேட்பார், ஓய்ந்த நேரத்தில் எங்கே போவார், எதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பார் என்று மூன்றே மூன்றைக் கேட்டு எழுதுங்கள். படம் போட்டால் சிரிக்கிற படமாகப் போடுங்கள். வரும் மாதம் மாமாவுக்குத் தலைத்திவசம். வாசகம் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. 'உழைப்பே உயிராக' என்பதை எடுத்துவிட்டேன். ஊத்தாவும் விராலும் எருதுகளுக்குச் சொன்ன போன்ழூரும் அதில் இருக்கும்.